பத்து லட்சம் டாலருக்கு ஒரு டிஃபென்டர்: நயோமி கிர்மாவின் விலை எதற்கான விலை?

2025 ஜனவரி 26 அன்று லண்டனின் செல்சி பெண்கள் கால்பந்து கிளப், அமெரிக்காவின் சான் டியேகோ வேவ் அணியிடமிருந்து டிஃபென்டர் நயோமி கிர்மாவை வாங்கிவிட்டதாக அறிவித்தது. செய்திகளில் வெளியான தொகை 11 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ஒன்பதரைக் கோடி ரூபாய். பெண்கள் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் டிரான்ஸ்ஃபர் இதுதான்.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு இடங்களில் இடறியது. முதலாவது, சாதனை விலைக்குப் போனவர் கோல் அடிக்கிறவர் இல்லை. கோல் விழாமல் பார்த்துக்கொள்கிற டிஃபென்டர். ஆண்கள் ஆட்டத்தில் பெரிய விலை பெரும்பாலும் முன்களத்துக்குத்தான் போகும். பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் வீரர் டிரெவர் ஃபிரான்சிஸ் (1979) முன்கள ஆட்டக்காரர். 2017இல் நெய்மாருக்குக் கொடுத்த 22.2 கோடி யூரோதான் ஆண்களில் உச்சம், அவரும் முன்களம்தான். இரண்டாவது, இதே செல்சி 2024 கோடையில் இங்கிலாந்து வீராங்கனை லூசி பிரான்ஸை எடுத்தபோது அவருடைய பழைய கிளப்புக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. 2020இல் ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீராங்கனை விருதை வாங்கியவர் லூசி பிரான்ஸ். அந்த விருதைப் பெற்ற முதல் டிஃபென்டரும் அவரே.

அப்படியானால் ஒருவர் ஒன்பதரைக் கோடி, இன்னொருவர் சும்மா என்பது எந்தக் கணக்கு? இதைப் பிரித்துப் பார்த்தால், ஒரு பெண் டிஃபென்டரின் தொழில்வாழ்க்கை எந்தெந்தக் கைகளால் தீர்மானிக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அவருடைய திறமை அந்தக் கைகளில் ஒன்று மட்டுமே.

டிரான்ஸ்ஃபர் தொகை என்பது என்ன

டிரான்ஸ்ஃபர் தொகை வீராங்கனையின் சம்பளம் இல்லை. ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கும் இழப்பீடு அது. விதிகள் எளியவை:

1. ஒப்பந்தக் காலம் மீதம் இருக்கும்போது வீராங்கனையை இழுக்க வேண்டுமானால், வாங்கும் கிளப் பணம் கொடுத்து அந்த ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்க வேண்டும்.

2. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம். பழைய கிளப்புக்கு எதுவும் கிடையாது.

3. நாடு விட்டு நாடு நடக்கும் டிரான்ஸ்ஃபரில், தொகையின் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. ஆண்கள் ஆட்டத்தில் இதற்கு மேல் தனியாக ஒரு பயிற்சி இழப்பீடும் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் அந்த இழப்பீடு கிடையாது.

லூசி பிரான்ஸ் 2020இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் கிளப்பிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்கும், 2022இல் அங்கிருந்து பார்சிலோனாவுக்கும், 2024இல் செல்சிக்கும் போனது மூன்றுமே இரண்டாம் விதிப்படி. மூன்று முறையும் ஒப்பந்தம் முடிந்திருந்தது. மூன்று முறையும் டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம். பெண்கள் ஆட்டத்தில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களே நெடுங்காலம் வழக்கமாக இருந்தன. எடுத்த கிளப் மறுவருடம் இருக்குமா என்பதே தெரியாத நிலையில், யார் நாலு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள்? அதனால் அந்தத் தலைமுறையில் மிகச் சிறந்தவர்கள்கூட விலையே இல்லாமல் கிளப் மாறினார்கள். கிர்மாவுக்கு சான் டியேகோவில் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. செல்சி கொடுத்தது, முதலில், அதை முறிப்பதற்கான பணம்.

ஆனால் முறிக்க இவ்வளவு கொடுக்கத் துணிந்தது ஏன் என்பதற்கு ஆடுகளத்துக்குள் போக வேண்டும்.

பின்களத்தில் நடக்கும் வேலை

பின்களம் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. கோலுக்கு நேர் முன்னால் நிற்பவர்கள் சென்டர் பேக். கிர்மாவும் பிரான்ஸ் நாட்டின் வென்டி ரெனாரும் இந்த வகை. இரு ஓரங்களில் ஆடுபவர்கள் ஃபுல் பேக். லூசி பிரான்ஸ் வலது ஓரம். இன்றைய ஃபுல் பேக் பாதி நேரம் தாக்குதலில்தான் இருக்கிறார். 2015 உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிராகப் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து லூசி பிரான்ஸ் அடித்த கோலைப் பார்த்தவர்கள் அவரை முன்கள வீராங்கனை என்றே நினைத்திருப்பார்கள்.

சென்டர் பேக்கின் வேலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிறையவே மாறியிருக்கிறது. செல்சி, பார்சிலோனா, லியோன் போன்ற அணிகள் ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தைத் தங்களிடமே வைத்திருக்கும். எதிரணி பதினொரு பேரும் பின்வாங்கி நிற்பார்கள். அப்போது பந்தை அதிகமாகத் தொடுபவர் பெரும்பாலும் சென்டர் பேக்தான். முதல் பாஸ் அவர் காலிலிருந்தே கிளம்புகிறது. அதோடு அணி முழுக்க மேலேறி நிற்பதால் பின்களக் கோடு நடுக்கோட்டை ஒட்டி வந்துவிடும். பின்னால் கோல்கீப்பர் வரை ஏறக்குறைய நாற்பது மீட்டர் வெற்றிடம். எதிரணி ஒரே ஒரு நீள பாஸ் போட்டால், அந்த நாற்பது மீட்டரில் ஓடி ஜெயிக்க வேண்டியவரும் அதே சென்டர் பேக். நன்றாகப் பாஸ் கொடுப்பவர், வேகமாக ஓடுபவர், தலைப்பந்து ஆடுபவர் மூவரும் ஒரே உடம்பில் வேண்டும்.

கிர்மாவின் ஆட்டத்தை அருகில் கவனித்தால் இன்னொன்று தெரியும். பந்தோடு வருபவர் மீது அவர் பாய்வதே அரிது. இடுப்பைச் சற்றுத் திருப்பி, உள்பக்கம் போகும் வழியை உடம்பால் அடைத்து, இரண்டடி இடைவெளி விட்டுப் பின்னோக்கி நகர்கிறார். எதிராளிக்கு ஓரக்கோட்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் தள்ளி ஒரு தொடுகை நீளமானதும், கால் நுனியால் பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறார். விழுந்து புரண்டு எடுக்கும் டேக்கிள் கைதட்டல் வாங்கும். ஆனால் பெரும்பாலும் அது முன்னதாகத் தவறான இடத்தில் நின்றதற்குக் கட்டும் அபராதம். டேக்கிள் எண்ணிக்கையை வைத்து டிஃபென்டரைத் தரம் பிரிக்கிறவர்கள் இதனால்தான் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

முடிவுகளும் அவர் பக்கம் இருந்தன. 2023 உலகக் கோப்பையில் அமெரிக்கா 16 அணிச் சுற்றிலேயே பெனால்டி ஷூட் அவுட்டில் வெளியேறியது. நான்கு ஆட்டங்களில் அந்த அணி ஆட்ட நேரத்தில் வாங்கியது ஒரே கோல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆறு ஆட்டம், இரண்டு கோல், தங்கப் பதக்கம். அப்போது அமெரிக்கப் பயிற்சியாளராக இருந்த எம்மா ஹேய்ஸ், தான் பார்த்ததிலேயே சிறந்த டிஃபென்டர் இவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஹேய்ஸ் அதற்குச் சில மாதங்கள் முன்புவரை செல்சியின் பயிற்சியாளர்.

தட்டுப்பாடு எங்கிருந்து வந்தது

நல்ல சென்டர் பேக் பெண்கள் ஆட்டத்தில் குறைவு. காரணம் சிறுமிகள் அணியிலேயே தொடங்குகிறது என்பது என் கணிப்பு. ஊரில் நன்றாக ஆடும் ஒரு சிறுமி கிடைத்தால் பயிற்சியாளர் அவளை முன்னால்தான் நிறுத்துவார். ஒருத்தியே நான்கு கோல் அடித்து ஆட்டத்தை முடித்துவிடுவாள்; பின்னால் யார் நின்றாலும் அன்றைக்குப் பரவாயில்லை. இப்படி வளர்ந்தவர்களில் சிலர் பின்னாளில் தேசிய அணியில் இடம் கிடைக்கப் பின்னால் இறங்குகிறார்கள். அமெரிக்காவின் கிறிஸ்டல் டன் கிளப்பில் தாக்குதல் ஆடியவர். 2019இல் உலகக் கோப்பை வென்ற அணியில் அவர் ஆடியது இடது ஃபுல் பேக். ஓரத்தில் இந்த மாற்றம் ஒத்துவரும். நடுவில் ஒத்துவருவது கடினம். அங்கே நிற்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளவே ஆண்டுகள் ஆகும்.

செல்சிக்கு அவசரமும் இருந்தது. அவர்களுடைய கனடா சென்டர் பேக் கடேஷா புக்கானனுக்கு 2024 நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. பயிற்சியாளர் சோனியா பொம்பாஸ்டர் தானும் ஒரு காலத்தில் லியோனுக்கும் பிரான்ஸ் தேசிய அணிக்கும் இடது பின்களம் ஆடியவர். கிர்மாவை 2022 பருவத்துக்காகக் கல்லூரியிலிருந்து சான் டியேகோவுக்குத் தேர்ந்தெடுத்த கேசி ஸ்டோனியும் இங்கிலாந்தின் முன்னாள் டிஃபென்டர். அவரை முதலில் தேர்ந்தெடுத்தவரும் பின்னர் எடுத்தவரும் அந்த இடத்தின் அருமை தெரிந்தவர்களே.

அமெரிக்க லீக்கின் கட்டு

சான் டியேகோ ஏன் விட்டது என்பதற்குப் பதில், அந்த நாட்டின் லீக் விதிகளில் இருக்கிறது.

அமெரிக்கத் தேசியப் பெண்கள் லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஒரு கிளப் தன் அணி முழுமைக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளமாகக் கொடுக்கலாம் என்ற எல்லை அது. 2025க்கான எல்லை 33 லட்சம் டாலர். இருபதுக்கும் மேற்பட்ட வீராங்கனைகளுக்கு இதைப் பங்கிட வேண்டும். ஐரோப்பாவின் பணக்காரக் கிளப்புகளுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. பின்னால் ஆண்கள் அணியின் வருமானமும் நிற்கிறது. அவர்கள் நினைத்தால் ஒருவருக்கு மட்டும் பெரிய சம்பளம் கொடுக்க முடியும். அமெரிக்கக் கிளப் அதே சம்பளத்தைக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மிச்சம் இருக்காது. ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து வெறுங்கையோடு இழப்பதைவிட, காலம் மீதம் இருக்கும்போதே நல்ல விலைக்கு விற்றுவிடுவது புத்திசாலித்தனம். லியோனும் ஆர்சனலும் கிர்மாவைக் கேட்டு நின்றதால் விலை ஏறியது. முந்தைய சாதனை, 2024 பிப்ரவரியில் ஜாம்பியாவின் ரேச்சல் குண்டனாஞ்சிக்கு அமெரிக்காவின் பே எஃப்.சி. கொடுத்த 7,35,000 யூரோ. அவர் முன்கள வீராங்கனை.

கிர்மா லீக்குக்குள் வந்த வழியும் இப்போது இல்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் எத்தியோப்பியக் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள எத்தியோப்பியச் சமூகப் பிள்ளைகளுக்காக அவருடைய அப்பா தொடங்கிய குழுவில்தான் முதலில் பந்தை உதைத்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், 2019இல் தேசியக் கல்லூரிப் பட்டம், 2022 டிராஃப்டில் முதல் தேர்வு. டிராஃப்ட் என்பது கல்லூரி முடித்தவர்களைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. எந்த ஊருக்குப் போவது என்பதில் வீராங்கனைக்குப் பேச்சே கிடையாது. 2024 ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட புதிய உடன்பாட்டில் அந்த முறையை அமெரிக்க லீக் ஒழித்துவிட்டது. இனி கல்லூரி முடித்தவர் தானே பேரம் பேசலாம். ஒப்பந்தத்தில் இருப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு கிளப்புக்குத் தள்ளவும் முடியாது.

பீட்சா கடையிலிருந்து பாசல் வரை

கிர்மாவுக்கு எட்டரை வயது மூத்தவர் லூசி பிரான்ஸ். அந்த எட்டரை ஆண்டு இடைவெளிக்குள் ஒரு தொழிலே உருவாகியிருக்கிறது.

இங்கிலாந்தின் வடகோடியில் பெரிக்கில் 1991இல் பிறந்தவர் அவர். ஆண் பிள்ளைகளோடு கலந்து ஆடினார். வயது வரம்பு தாண்டியதும் விதி அவரை வெளியே தள்ளியது. ஆடுகளத்தில் பெண்களுக்கு 1921இல் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் போட்ட தடை எழுபதுகளின் தொடக்கம்வரை இருந்த நாடு அது. எனவே பெண் பிள்ளைகளுக்கான அணிகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2009இல் சங்கம் முதல்முறையாகத் தேசிய வீராங்கனைகள் 17 பேருக்கு நேரடி ஒப்பந்தம் கொடுத்தபோது ஆண்டுத் தொகை 16,000 பவுண்டு. பெண்கள் சூப்பர் லீக் 2011இல் தொடங்கியது, அதுவும் அரைத் தொழில்முறையாக. லீட்ஸில் கல்லூரியில் படித்துக்கொண்டே கிளப்புக்கு ஆடிய லூசி பிரான்ஸ், செலவுக்கு டோமினோஸ் பீட்சா கடையில் வேலை பார்த்தார். அந்த லீக் முழுநேரத் தொழில்முறை ஆனது 2018-19 பருவத்தில்தான். அதற்குள் அவர் லிவர்பூலோடும் மான்செஸ்டர் சிட்டியோடும் லீக் பட்டம் வென்று, 2017இல் லியோனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஏன் லியோன்? அன்றைக்கு ஐரோப்பாவில் ஆண்களுக்கு நிகரான மைதானம், மருத்துவர், சம்பளம் என்று பெண்கள் அணியை நடத்தியவர்கள் அவர்கள் ஒருவர்தான் என்று சொல்லிவிடலாம். ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை மூன்று பருவத்தில் மூன்று முறை வாங்கினார். பிறகு பார்சிலோனாவில் இரண்டு.

அதே லியோனில் எதிர்ப் பாதை எடுத்தவர் வென்டி ரெனார். மார்ட்டினிக் தீவில் பிறந்து, 2006இல் பதினாறு வயதில் சேர்ந்து, அந்த ஒரே கிளப்பில் எட்டு சாம்பியன்ஸ் லீக் வென்றிருக்கிறார். 187 சென்டிமீட்டர் உயரம். கார்னர் வந்தால் எதிரணிக்கு அவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார். அவருக்கும் டிரான்ஸ்ஃபர் விலை என்று ஒன்று எழுதப்படவே இல்லை. ஆனால் அவருடைய பலம் வேறொரு இடத்தில் தெரிந்தது. 2023 பிப்ரவரியில், உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, அணியின் நடைமுறையைக் குறைசொல்லி பிரான்ஸ் நாட்டு அணியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். மார்ச்சில் பயிற்சியாளர் மாற்றப்பட்டார். ரெனார் திரும்பி வந்தார்.

முழங்கால் என்ற நிபந்தனை

நீண்ட ஒப்பந்தமும் பெரிய தொகையும் வந்ததும் கிளப்புகள் ஏற்கிற ஆபத்து ஒன்று உண்டு. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன் தசைநார், செய்திகளில் ஏ.சி.எல். என்று வருவது. திடீரென நின்று திரும்பும்போது அறுகிறது. யாரும் மோத வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு திரும்ப ஒன்பது மாதம், ஓராண்டு ஆகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது குறைந்தது இரு மடங்கு நேர்வதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பு அமைப்பு, ஹார்மோன், பெண் காலுக்கென்று செய்யப்படாத பூட்ஸ், மோசமான தரை, சிறுவயதில் கிடைக்காத உடற்பயிற்சி என்று காரணங்களை அடுக்குகிறார்கள். எது எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2024இல் ஃபிஃப்ப்ரோ வீரர் சங்கம், ஆங்கில வீரர் சங்கம், நைக், லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம் சேர்ந்து இதற்கென ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கின. லூசி பிரான்ஸ் படித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான், அப்போது அதற்கு வேறு பெயர்.

டிஃபென்டருக்கு ஆபத்து கூடுதலாக இருக்க ஆட்ட இயல்பே காரணம். முன்கள வீராங்கனை எப்போது திரும்புவது என்று தானே முடிவுசெய்கிறார். டிஃபென்டர் அவரைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வேண்டும், எப்போதும் அரை நொடி பிந்தி. இங்கிலாந்துத் தலைவி, சென்டர் பேக் லியா வில்லியம்சன் 2023 ஏப்ரலில் இதே காயத்தால் உலகக் கோப்பையை இழந்தார். கிர்மாவுக்கு ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே 2020இல் வந்துபோயிருக்கிறது. செல்சிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலும், 2025 மார்ச்சில் பிரைட்டனுக்கு எதிராக, காயத்தோடு வெளியேறினார். அது முழங்கால் இல்லை என்பது கிளப்புக்கு ஆறுதல். அவர் இல்லாமலே பல வாரங்கள் ஆடியும் செல்சி அந்தப் பருவத்தை லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் 60 புள்ளிகளோடு முடித்தது.

லூசி பிரான்ஸின் 2025 கோடை இன்னும் கடுமை. சுவிட்சர்லாந்தில் நடந்த யூரோ கோப்பைக் கால் இறுதியில் ஸ்வீடனிடம் இங்கிலாந்து 0-2 என்று பின்தங்கியிருந்தது. 79ஆவது நிமிடத்தில் தலையால் முதல் கோலைத் திருப்பியவர் அவர். பெனால்டி ஷூட் அவுட்டில் கடைசிப் பந்தை உள்ளே போட்டவரும் அவர். பாசலில் ஸ்பெயினை வென்று கோப்பை வாங்கிய பிறகுதான், கணுக்காலுக்கு மேலுள்ள முன்கால் எலும்பில் விரிசலோடு தொடர் முழுவதும் ஆடியதைச் சொன்னார். ஊடகங்கள் வீரம் என்று கொண்டாடின. 33 வயதில் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் இருபது வயதுக்காரி ஒருத்திக்கு இதை எடுத்துக்காட்டாகக் காட்டுவது சரியில்லை.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது

2024 முழுவதும் உலகப் பெண்கள் ஆட்டத்தில் நாடு விட்டு நாடு நடந்த டிரான்ஸ்ஃபர்களுக்குச் செலவானது 156 லட்சம் டாலர் என்பது ஃபிஃபா கணக்கு. ஆண்களில் அதே ஆண்டு 859 கோடி டாலர். பெண்கள் உலகம் ஓராண்டில் செலவழித்ததில் பதினான்கில் ஒரு பங்கை ஒரு சென்டர் பேக்குக்காகச் செல்சி கொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஃபிஃபாவின் ஆய்வில் பெண் தொழில்முறை ஆட்டக்காரரின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 10,900 டாலர்தான். செல்சி கொடுத்த தொகை இதைப்போல நூறு மடங்கு.

இதிலிருந்து பெண்கள் கால்பந்து பணக்கார ஆட்டமாகிவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. மேலே ஏழெட்டுக் கிளப்புகள் வேகமாக விலகிப் போகின்றன என்பதே சரியான வாசிப்பு. கிர்மாவின் சாதனையும் ஆறு மாதம்தான் நின்றது. 2025 ஜூலையில் ஒலிவியா ஸ்மித்துக்காக ஆர்சனல் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. ஆகஸ்டில் மெக்சிகோவின் லிஸ்பெத் ஓவாயேவுக்கு ஆர்லாண்டோ பிரைடு 15 லட்சம் டாலர். இருவரும் தாக்குதல் வீராங்கனைகள். விலைப்பட்டியல் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

இனி இப்படிச் செய்தி வரும்போது தொகையைப் பார்க்கும் முன் மூன்றைப் பார்த்தால் குழப்பம் வராது: பழைய ஒப்பந்தத்தில் எத்தனை காலம் மீதம், விற்கும் லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டா, வாங்கும் அணியில் அந்த இடத்தில் யாருக்குக் காயம். கிர்மா விஷயத்தில் மூன்றும் ஒரே ஜனவரியில் கூடின. செல்சியோடு அவர் போட்டிருக்கும் ஒப்பந்தம் 2029 வரை. அப்போது அவருக்கு 29 வயது. அதற்குள் நீட்டிக்காவிட்டால், ஒன்பதரைக் கோடிக்கு வந்தவர் லூசி பிரான்ஸைப்போலவே விலையில்லாமல் கிளம்பிப் போகலாம்.